பதில் வரும் வரை

ஜூன் 7, சனி

இன்று கணினி வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் வார்டு நூலகத்தின் மாடியில், சனிக்கிழமைதோறும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. பைத்தான் என்கிற மொழி. ‘இல்லத்தரசிகளும் முதியோரும் சேரலாம்’ என்று அறிவிப்பில் இருந்தது. எந்த வயதிலிருந்து முதியோர் என்று போடவில்லை. எழுபத்திரண்டு சேரும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆசிரியை ஜெசிந்தா, முப்பத்தைந்து வயதிருக்கும். ஏன் படிக்க வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரங்கநாயகி என்ற அம்மாள் எழுந்து, “எம்பையன் அமெரிக்காவுல இதத்தான் பண்றானுங். என்ன பண்றான்னே தெரியாம ஊரெல்லாம் பெருமையடிச்சுட்டுத் திரியறேன். உள்ள என்னதான் கெடக்குதுன்னு பாத்துப்போடலாம்னு வந்தனுங்” என்றார். வகுப்பு சிரித்தது.

என் முறை வந்தபோது, “மூளைக்குப் பயிற்சி” என்றேன். வீட்டிலேயே தயாரித்து வைத்திருந்த பதில்.

“வீட்டுல அம்மா சேரலீங்களா?” என்று ரங்கநாயகி கேட்டார்.

என் மனைவி தெய்வானை கோபியில் தன் தங்கை மரகதத்தின் வீட்டில் இருக்கிறாள், முழங்கால் வலி, அங்கே ஒரு நல்ல வைத்தியர் இருக்கிறார் என்று சொன்னேன். அதுவும் தயாரித்து வைத்திருந்ததுதான்.

பகலுக்குச் சோறும் தக்காளி ரசமும். உப்பு கூடிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

காலை சரியாகப் பத்து மணிக்குத் தெய்வானைக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பினேன். ‘நலமா?’ இரண்டு குறியும் நீலமாயின. பதில் இல்லை. ஞாயிறுதோறும் குறிக்கிற நோட்டில் எட்டாவது வரியில் தேதி எழுதி, எதிரில் கோடு போட்டேன்.

பத்து வரை என்று வைத்திருக்கிறேன். நூற்பாலையின் பரிசோதனைக்கூடத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். ஒரு சரக்கு நூலின் வலுவைப் பார்க்கப் பத்து அளவீடு எடுப்போம். பத்துக்குள் வந்ததுதான் முடிவு. ‘பதினொன்றாவது எடுக்கிறவன், வந்த முடிவு பிடிக்காமல் எடுக்கிறவன்’ என்பார் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். ஒரு நாளும் நான் பதினொன்றாவது எடுத்ததில்லை.

பத்து ஞாயிறு முடிந்தும் பதில் வரவில்லை என்றால் அவளுடைய துணிமணிகளைப் பெட்டி கட்டி கோபிக்கு அனுப்பிவிடுவது. மரகதம் மே மாதமே கேட்டாள். “மாமா, அக்கா சீலையெல்லாம் அனுப்பி வெச்சுருங்க. எத்தன நாளைக்கு என்னோடதக் கட்டுவா?” பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன்.

ஜூன் 14, சனி

இன்று ‘ஃபார்’ லூப். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய இயந்திரத்துக்குக் கட்டளையிடுவது. எத்தனை தடவை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐந்து என்றால் ஐந்து. முடிந்ததும் தானாக நின்றுவிடும்.

ஏழாம் வாய்ப்பாடு அச்சடிக்கச் சொன்னார்கள். எனக்கு முதல் தடவையிலேயே வந்துவிட்டது. தெரியாமல் வந்திருக்குமோ என்று அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் வந்தது.

“சூப்பர் சார்” என்றார் ஜெசிந்தா.

தொடங்கும்போதே முடிவு எங்கே என்று தெரிந்த வேலை. இதைக் கண்டுபிடித்தவர் என்னைப் போன்றவராக இருக்க வேண்டும். குக்கருக்கு மூன்று விசில், கோயிலில் ஒன்பது சுற்று, மாத்திரை இரண்டு வேளை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் செய்கிற காரியங்களை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் ஃபார்தான்.

வீட்டுப்பாடம்: கடவுச்சொல்லைச் சரியாகப் போடும்வரை திரும்பத் திரும்பக் கேட்கிற நிரல்.

ஜூன் 15, ஞாயிறு

ஒன்பதாவது. நீலக்குறி. கோடு.

பால் பொங்க நான்கு நிமிடம் என்று கடிகாரத்தில் வைத்துவிட்டு நாளிதழ் படித்தேன். இன்று மூன்றரை நிமிடத்திலேயே பொங்கிவிட்டது. அடுப்பைத் துடைக்க அரை மணி நேரம்.

ஜூன் 18, புதன்

மளிகைக் கடையில் ரங்கநாயகி பிடித்துக்கொண்டார். “சார், நில்லுங்க நில்லுங்க” என்று பையிலிருந்து கைபேசியை எடுத்தார். “இதப் பாருங்க. இது நம்ம தெய்வானக்காதானுங்களே? தையில எங்ககூடத்தான் பழகுனாங்க. நீங்கதான் அவங்க வூட்டுக்காரர்னு எனக்கு முந்தாநேத்துத்தான் தெரியும்.”

வள்ளிக்கும்மி. வள்ளியும் முருகனும் கல்யாணம் செய்துகொண்ட கதையைப் பாட்டாகப் பாட, பெண்கள் வட்டமாக நின்று கைதட்டிக் குனிந்து நிமிர்ந்து ஆடுவது. எங்கள் பக்கத்தில் இப்போது ஊருக்கு ஊர் பழகுகிறார்கள். பழகி முடித்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நிறச் சேலையில் அரங்கேற்றம் செய்கிறார்கள். கோபியில் எடுத்த காணொளி. ஏதோ ஒரு மண்டபத்து வாசல். நாற்பது பெண்கள். மூன்றாவதாக வந்தவள் தெய்வானை. குனிந்து தட்டி, ஒரு காலை மாற்றி வைத்துத் திரும்பினாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“முழங்கால் வலிக்கறவங்க இந்தக் குதி குதிக்க மாட்டாங்களுங்” என்றார் ரங்கநாயகி.

“வைத்தியர் நல்லவர்” என்றேன்.

அவர் கைபேசியைப் பைக்குள் போட்டார். பிறகு, “செரிங் சார், சீரகம் வாங்கோணும்” என்று உள்ளே போய்விட்டார்.

இந்த நாட்குறிப்பில் பொய் எழுதுவதில் பொருளில்லை. முழங்கால் வலி இல்லை. சித்திரையில் என் அண்ணனின் பேத்திக்குக் காதுகுத்து. விருந்துப் பந்தியில் அண்ணன் எல்லோருக்கும் கேட்கும்படி, “ஏனம்மிணி, அறுபத்தஞ்சு வயசுல ஆட்டம் பழகறயாமா? டேய் வேலு, நீதான் சலங்கை கட்டி உடறயா?” என்றார். இரண்டு பந்தியும் சிரித்தன. தெய்வானை இலையிலிருந்து தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை.

அவள் அங்கிருந்தே தங்கையோடு கோபிக்குப் பஸ் ஏறிவிட்டாள். வீட்டுக்கு வரவில்லை.

ஜூன் 21, சனி

அவமானம். கடவுச்சொல் வீட்டுப்பாடத்தையும் நான் ஃபாரில்தான் எழுதியிருந்தேன். ஆயிரம் தடவை கேட்கும்படி. யாரும் ஆயிரம் தடவை தவறாகப் போட மாட்டார்கள் என்பது என் கணக்கு.

“ஆயிரத்தோராவது தடவை சரியாப் போட்டா என்ன சார் பண்ணுவீங்க?” என்றார் ஜெசிந்தா.

தாளைத் திருப்பி வைத்தேன்.

அதற்குத்தான் ‘வைல்’ லூப் இருக்கிறதாம். இதில் எத்தனை தடவை என்று சொல்வதில்லை. ஒரு நிபந்தனை சொல்கிறோம். அது மாறும்வரை இயந்திரம் செய்துகொண்டே இருக்கும். ஒரு தடவையிலும் முடியலாம், லட்சம் தடவையும் ஆகலாம். எது எப்போது என்று எப்படி முடிவெடுப்பது என்று கேட்டேன்.

ஆசிரியைக்கு முன் ரங்கநாயகி பதில் சொன்னார். “இதென்னுங் சார் பெரிய கம்பசூத்திரம்? இட்லி ஊத்தறப்ப எத்தன குழின்னு எண்ணித்தான ஊத்தறோம், அது ஃபாருங். கடுகு தாளிக்கறப்ப எத்தன கடுகு வெடிச்சுதுன்னு எண்ணிட்டா நிக்கறோம்? வெடிச்சு அடங்கற வரைக்கும் நிக்கறோம். அது வைலு.”

“அக்கா, அடுத்த வாரம் நீங்களே கிளாஸ் எடுத்துருங்க” என்றார் ஜெசிந்தா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிபந்தனை மாறவே இல்லை என்றால்? கேட்டேன். நிற்காமல் ஓடும் என்றார்கள். ஒரு தடவை ஓட்டியும் காட்டினார்கள். திரையில் ‘வணக்கம்’ ‘வணக்கம்’ என்று வரி வரியாக விழுந்துகொண்டே இருந்தது. கண்ட்ரோலையும் சி எழுத்தையும் சேர்த்து அழுத்தி நிறுத்தினார்கள்.

வேறு சில மொழிகளில் மூன்றாவது வகை ஒன்றும் உண்டாம். முதலில் ஒரு தடவை செய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நிபந்தனையைக் கேட்கும். யோசிக்காமல் இறங்கிவிடுகிறவர்களுக்கானது. பைத்தானில் அது இல்லை என்றதும் எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

பத்தாவது. நீலக்குறி. பதில் இல்லை. கோடு.

சாப்பிட்டுவிட்டு அட்டைப்பெட்டியை எடுத்துவந்து அவள் அலமாரியைத் திறந்தேன். சேலைகள் பதினாறு. அடியில் கும்மிக்காக எடுத்த பச்சைச் சேலை, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். அதை எடுத்த அன்று என்னிடம் காட்டி, “பார்டர் நல்லாருக்குதுங்களா?” என்று கேட்டாள். சாயம் போகுமா என்று ஓரத்தை நனைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நனைத்துப் பார்த்தேன். சாயம் போகவில்லை. அதை அவளிடம் சொன்னேனா என்று நினைவில்லை.

பெட்டி கட்டிவிட்டேன். பார்சல் அலுவலகம் இனிச் செவ்வாய்தான் திறக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

பார்சல் அலுவலகத்துக்குப் போகவில்லை.

காலையில் வீட்டுப்பாடம் செய்தேன். ஒன்றிலிருந்து பத்து வரை அச்சடிக்க வேண்டும். ஒன்று, பத்து என்று எல்லை கொடுத்தால் இயந்திரம் ஒன்பதோடு நின்றுவிடுகிறது. மேல் எல்லையை அது சேர்த்துக்கொள்வதில்லையாம். வரிகளை மட்டும் எண்ணி நம்பிவிடாதீர்கள், உள்ளே என்ன நடந்தது என்று பாருங்கள் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தார்.

சும்மா என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பத்து வரிகள் இருக்கின்றன. முதல் வரி ஏப்ரல் 20. அது காதுகுத்து நடந்த நாள். அன்று அவள் போன தேதியைத்தான் எழுதியிருக்கிறேன். செய்தி எதுவும் அனுப்பவில்லை. முதல் செய்தி ஏப்ரல் 27.

ஒன்பதுதான் ஆகியிருக்கிறது. ஒன்று பாக்கி.

கைபேசியிலும் எண்ணிச் சரிபார்த்தேன். மூன்று முறை. ஒன்பதுதான். பெட்டியைப் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன். இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன். காரணம் ஒன்றுமில்லை.

ஜூன் 28, சனி

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து ஜெசிந்தாவிடம் கேட்டேன். வாட்ஸப் செய்தியை நிரல் மூலம் அனுப்ப முடியுமா? கணினியில் வாட்ஸப்பைத் திறந்து வைத்தால் முடியும் என்று அவருடைய மடிக்கணினியில் செய்து காட்டினார். என் எண்ணுக்கு ‘ஹாய் சார்’ என்று வந்தது.

ஏன் கேட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒன்பது ஞாயிறும் ‘நலமா?’ என்பதைத் தவிர வேறு எதையும் என் விரலால் அனுப்ப முடியவில்லை. ஒவ்வொரு வாரமும் நீளமாக எழுதுவேன், அழிப்பேன். கடைசி ஒன்றாவது சரியாகப் போக வேண்டும். நான் எழுதி வைத்துவிட்டால் அனுப்புகிற வேலை இயந்திரத்துடையது. அதற்கு விரல் நடுங்காது.

என் தாளைக் காட்டினேன். ஃபார் லூப், எல்லை ஒன்று.

“சார், லூப்பே ஒரு தடவைதான்னா லூப் எதுக்கு?”

“மொத்தம் பத்து. ஒன்பது முடிந்துவிட்டது.”

“யாருக்கு சார் அனுப்பறீங்க?”

“தெரிந்தவருக்கு.”

“எப்ப நிறுத்தணும்?”

“பதில் வந்தால் நிறுத்திவிடலாம்.”

அவர் பேனாவால் என் தாளில் ‘ஃபார்’ என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். “பதில் வர்ற வரைக்கும்னு நீங்களே சொல்றீங்க. அப்ப பத்துங்கற நம்பர் எங்கிருந்து வந்துச்சு சார்?”

நூற்பாலையிலிருந்து வந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. நூல் மறுபடி பேசாது. பத்து முறை இழுத்தாலும் பத்து முறை அறுந்துவிட்டுப் போகும். அதற்குப் பத்து போதும்.

“ஒருவேளை பதிலே வரலேன்னா?” என்றேன்.

“அது நீங்க முடிவு பண்ண வேண்டியது சார். கோட் அதச் சொல்லாது.” மடிக்கணினியை மூடினார். “நடுவுல வெயிட் பண்ண ‘ஸ்லீப்’ போட்டுக்கங்க. இல்லேன்னா மெஷின் மூச்சு விடாது.”

ஜூன் 29, ஞாயிறு

வரிசையாக எழுதினால்தான் என்ன நடந்தது என்று எனக்கே புரியும்.

காலை ஆறு மணிக்கு என் மடிக்கணினி முன் உட்கார்ந்தேன். வைல் லூப். பதில் காலியாக இருக்கும்வரை செய்தியை அனுப்பு. அதன்பின் காத்திரு. மறுபடி பார். எத்தனை வாரமானாலும் சரி. எண்ணிக்கை எங்கும் இல்லை. அந்த வரியை இரண்டு முறை அழித்து எழுதினேன். வாரம் ஒன்று என்பதால் ஸ்லீப் கட்டளையில் ஏழு என்று போட்டேன்.

செய்தியை எழுத ஒன்பது மணியாகிவிட்டது. நான் அனுப்பப் போவதில்லை, அது அனுப்பும் என்ற தைரியத்தில் உள்ளதை எழுதினேன்.

‘தெய்வானை, அண்ணன் உன்னைக் கேலி செய்தபோது நானும் சிரித்தேன். நீ பார்த்தாய். தப்பு என்னுடையது.’

ஆம். பதினெட்டாம் தேதி நான் எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். சொல்லவில்லைதான். சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் என்ன நினைப்பார்களோ என்று சிரித்தேன். அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

பத்து மணிக்கு ஓட்டினேன். போவதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தைரியமில்லை. எண்டரைத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். கைபேசியையும் வேண்டுமென்றே வீட்டில் வைத்தேன். முடிவெட்டிக்கொண்டேன். உழவர் சந்தைக்குப் போய்ப் பீர்க்கங்காய் வாங்கினேன். பன்னிரண்டு பத்துக்குத் திரும்பி வந்தேன்.

திரை ஓடிக்கொண்டிருந்தது. அதே செய்தி, அதற்குக் கீழே அதே செய்தி, அதற்கும் கீழே. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று போனது. கண்ட்ரோல் சி எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. மின்சாரச் செருகியைப் பிடுங்கினேன். மடிக்கணினிக்கு உள்ளே மின்கலம் இருக்கிறது. இன்னும் இரண்டு போயின. அப்புறம்தான் விசைகள் கண்ணுக்குத் தெரிந்தன.

முந்நூற்று எண்பத்தாறு.

ஸ்லீப்பின் அலகு நாள் இல்லை, நொடி. ஏழு நொடி. செய்தி போகப் பதின்மூன்று நொடி, ஆக இருபது நொடிக்கு ஒன்று. அலகு எழுதாத அளவு அளவே அல்ல என்று முப்பத்துநான்கு வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொன்னவன் நான். இன்னொன்றும் கவனித்தேன். பதில் வந்ததா என்று படிக்கிற வரியையே நான் எழுதவில்லை. ‘பதில்’ என்பது தொடக்கத்தில் காலி, கடைசிவரை காலி. அவள் என்ன சொல்லியிருந்தாலும் என் நிரல் கேட்டிருக்காது.

கைபேசியில் மரகதத்திடமிருந்து பதினோரு அழைப்புகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டாவது வந்தது.

“மாமா! உசுரோட இருக்கறீங்களா?”

“இருக்கிறேன்.”

“அப்பறம் ஏனுங் இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க? அக்கா போன ஸ்பீக்கர்ல மாட்டித்தான் கும்மிப் பாட்டு போடுவோம். இன்னிக்குப் பாட்டு நடுவுல டிங்கு டிங்குன்னு ஒரே சத்தம். அடி மாறி மாறிப் போச்சு. வாத்தியாரு கடுப்பாயிட்டாரு. யாரு இதுன்னு புள்ளைக எடுத்துப் படிச்சுட்டாங்க. சத்தமா! நாப்பது பேருக்கு நடுவால!”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“அப்பறம் போன அரிசிக் குண்டானுக்குள்ள போட்டு மூடுனோம். உள்ள இருந்தும் டிங்குங்குது. வாத்தியாரே சிரிச்சுப்போட்டாரு.”

“அவள்?”

“அவ சிரிக்கலீங். குண்டானப் பாத்துட்டே நின்னா.” குரலைத் தாழ்த்தினாள். “ஏனுங் மாமா, நெசமாவே நீங்களும் சிரிச்சீங்களா அன்னிக்கு? எங்கிட்ட அவ அதச் சொல்லவே இல்லீங்.”

இரண்டு மாதத்துக்கு மேலாகக் கூடப்பிறந்த தங்கையிடம்கூட அவள் அதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். நான் முந்நூற்று எண்பத்தாறு தடவை சொல்லியிருக்கிறேன்.

பீர்க்கங்காய் அப்படியே கிடக்கிறது.

ஜூன் 30, திங்கள்

ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

காலை பதினொன்றரைக்கு அழைப்பு. தெய்வானை. ஆறு முறை மணி அடித்த பிறகு எடுத்தேன்.

“ஏனுங்.”

எழுபத்திரண்டு நாள் கழித்துக் கேட்கிறேன்.

“சொல்லு” என்றேன்.

“சாப்பாடெல்லாம் ஆகுதுங்களா?”

“ஆகிறது.”

“ரசத்துக்கு உப்பு கடைசியில போடுங்க. மொதல்லயே போட்டுட்டு ருசி பாத்துப் பாத்து மறுக்கா போடுவீங்க.”

சரி என்றேன். பின்னால் கோழி கத்துவது கேட்டது.

“தெய்வானை, அது தவறுதலாக. ஏழு என்று போட்டது நொடியாகிவிட்டது. நான் வாரத்துக்கு ஒன்றுதான்...”

“வெளக்கமெல்லாம் வேண்டாமுங்.” அவள் குரல் உயரவில்லை. “முந்நூத்தி எம்பத்தாறு வாட்டி சொன்னது மிசினு. நீங்க ஒருக்காச் சொல்லுங்க.”

வாயைத் திறந்தேன். ஏழு சொல்லில் முடிகிற வாக்கியம். எனக்கு மனப்பாடம்.

“போனில் எப்படி...” என்றேன்.

“அதுஞ்செரிதான். அன்னிக்கு நூறு பேரு பாக்கத்தான சிரிச்சீங்க? சனிக்கெழம சாயந்தரம் அஞ்சு மணிக்கு மண்டபத்துக்கிட்ட பழகறோம். வந்து சொல்லுங்க.”

“பார்க்கலாம்” என்றேன். நாக்கு தானாகச் சொன்னது.

“பாக்கலாம்னா வரமாட்டீங்கன்னு அர்த்தமுங். முப்பத்தொம்பது வருசமாத் தெரியாதுங்களா எனக்கு? வரலேன்னா எஞ்சீலைகளப் பெட்டி கட்டி அனுப்பி வெச்சுருங்க. மரகதஞ்சீலை எனக்குக் கட்டை.”

வைத்துவிட்டாள்.

ஜூலை 2, புதன்

கோபிக்குப் பகல் நேர பஸ்கள் எழுதிக்கொண்டேன். பன்னிரண்டு ஐம்பது, ஒன்று இருபது, இரண்டு. இரண்டு மணி வண்டியில் போனால் அஞ்சுக்குள் சேருவது சந்தேகம்.

பார்சல் அலுவலகத்தின் நேரமும் எழுதிக்கொண்டேன்.

ஜூலை 3, வியாழன்

கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். அறையில் யாருமில்லை. அப்படியும் முதல் சொல்லுக்குமேல் வரவில்லை. அண்ணனுக்கு இது போய்ச் சேரும். கோபியிலிருந்து எங்கள் ஊருக்குச் செய்தி போக அரை நாள் போதும். ‘வேலு நாப்பது பொம்பளைக முன்னால மன்னிப்புக் கேட்டானாமா’ என்பார். அடுத்த விசேஷத்தில் பந்தியில் வைத்தே சொல்வார்.

அப்போது நான் என்ன செய்வேன்? தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வாசலருகே வைத்தேன். பிறகு ஜெசிந்தாவுக்குச் செய்தி அனுப்பினேன்: நாளை வகுப்புக்கு வர இயலாது. என் விரலாலேயே அனுப்பினேன். ‘ஓகே சார், உடம்பு சரியில்லையா?’ என்று கேட்டார். உடம்பு சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதினேன்.

எதற்காக இயலாது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஜூலை 5, சனி

மரகதத்தின் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாட்குறிப்பைப் பையில் கொண்டுவந்திருந்தேன். பெட்டியைக் கொண்டுவரவில்லை.

பன்னிரண்டு ஐம்பது வண்டி. மூன்றரைக்கே வந்து சேர்ந்துவிட்டேன். மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் ஒன்றரை மணி நேரம். நான்கு முறை எழுந்து பஸ் நிறுத்தம் வரை போனேன். நான்காவது முறை பஸ்ஸும் நின்றது. “பெரியவரே, ஏறறீங்களா?” என்று நடத்துனர் கேட்டார். இல்லை என்று சொன்னதுகூட எனக்கு ஞாபகமில்லை. பஸ் போய்விட்டது.

அஞ்சு மணிக்குப் பாட்டு தொடங்கியது. வேலியோரமாக நின்றேன். வட்டம் சுற்றி வந்தது. தெய்வானை இரண்டு முறை என் பக்கமாக வந்து போனாள். என்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் ஒரு பெண் பார்த்துவிட்டாள். “அக்கோவ், முந்நூத்தி எம்பத்தாறு வந்திருக்கறாரு!”

வட்டம் நின்றது. வாத்தியார் பாட்டை நிறுத்தினார். நாற்பது முகம் திரும்பியது. ஒருத்தி சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். தெய்வானை மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள், வேர்வையைத் துடைக்காமல்.

உள்ளே போனேன். எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. வட்டத்துக்கு நடுவில் நின்றிருந்தேன்.

“அண்ணன் உன்னக் கேலி பண்ணுனப்ப நானும் சிரிச்சேன்” என்றேன். “தப்பு என்னுது.”

“கேக்கலீங்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

மறுபடி சொன்னேன்.

“இந்தப் பக்கம் இன்னும் கேக்கலீங்!” இது மரகதம். என் மைத்துனி.

அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னேன். யாரோ ஒருத்தி, “போதும் உடுங்கடி, பாவம் பெரியவரு” என்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. தெய்வானையைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மறுபடி சொன்னேன். சிரிப்பு அடங்கிவிட்டது. மறுபடி சொன்னேன். குரல் கமறியது, இருமிவிட்டுச் சொன்னேன். வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கையைக் கட்டிக்கொண்டார். தெய்வானையின் தாடை மட்டும் ஒருமுறை அசைந்தது. அவள் “போதுமுங்” என்று சொல்லும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.